நியூகாசிலுக்குக் குடிபெயரலாமா? பூமியதிர்ச்சியும் நமது வீட்டுக் கணக்கும்

2021 செப்டெம்பர் 22, புதன்கிழமை. காலை ஒன்பதே கால் மணி. மெல்பேர்ண் நகரம் கொரோனா முடக்கத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. சமையலறை மேசையே பலருக்கு அலுவலகமாக இருந்த காலம். திடீரென்று சில விநாடிகள் வீடு ஆடியது. பாரமான லொறி ஏதோ வீதியால் போகிறது என்று நினைத்தவர்கள் உண்டு. சலவை இயந்திரத்தில் கோளாறு என்று ஓடிப் பார்த்தவர்களும் உண்டு. அடுத்த நிமிடமே வட்ஸ்அப் குழுக்கள் நிறைந்தன: "உங்கட பக்கமும் ஆடினதோ?"

மெல்பேர்ணுக்கு வடகிழக்கே சுமார் 130 கிலோமீற்றர் தொலைவில், வூட்ஸ் பொயின்ற் என்ற மலைக்கிராமத்தின் அருகே உருவான அந்தப் பூமியதிர்ச்சியின் அளவு 5.9. சிட்னி, கன்பரா, அடிலெய்ட் வரை அது உணரப்பட்டது. மெல்பேர்ண் சப்பல் வீதியில் ஓர் உணவகத்தின் செங்கற்சுவர் சரிந்து வீதியில் கொட்டியது. உயிரிழப்பு எதுவும் இல்லை. ஆனால் "இந்த நாட்டில் பூமி ஆடாது" என்று நாம் வைத்திருந்த நம்பிக்கையும் அந்தச் சுவரோடு சரிந்தது.

அதே நம்பிக்கை இப்போது சிட்னித் தமிழர் வீடுகளில் வேறொரு கேள்வியாக வந்து நிற்கிறது. வென்ற்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் வீடு வாங்குவது இளம் குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகிவிட்டது. வடக்கே சுமார் 160 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் நியூகாசிலைப் பலர் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகம், வைத்தியசாலைகள், கடற்கரை எல்லாம் அங்கே உண்டு. பிராந்தியப் பகுதிகளுக்கான 491 விசாவுக்கும் அது ஏற்ற இடம். ஆனால் வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் மூத்தவர் ஒருவர், கேட்டுவிடுகிறார்: "அது பூமியதிர்ச்சி வந்த ஊரெல்லோ? பிள்ளைகளோடு அங்கே போய் இருக்கலாமோ?"

நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வி கேட்கப்படும் விதத்தில் ஒரு பிழை இருக்கிறது என்பதே நமது கருத்து. ஊரின் பெயரை வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது. வாங்கப்போகும் வீடு எப்படிக் கட்டப்பட்டது, எந்த மண்ணில் நிற்கிறது, விழுந்தால் திருப்பிக் கட்டும் செலவு யாருடையது என்ற மூன்றையும் வைத்துத்தான் எடுக்க முடியும்.

1989 டிசம்பர் 28

அன்று வியாழக்கிழமை. காலை 10.27க்கு நியூகாசில் அதிர்ந்தது. அளவு 5.6. நகர மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பூலரூ பகுதியில் அதன் மையம் இருந்தது. 13 பேர் இறந்தார்கள். 160 பேர் வரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவுஸ்திரேலியாவின் எழுதப்பட்ட வரலாற்றில் உயிர்களைப் பறித்த பூமியதிர்ச்சி என்று பெரிதாகப் பேசப்படுவது இது ஒன்றுதான்.

இறந்தவர்களில் ஒன்பது பேர் ஒரே கட்டடத்தில், நியூகாசில் தொழிலாளர் கழகத்தில் இருந்தவர்கள். மூவர் ஹமில்ற்றன் பகுதியில் உள்ள போமொன்ற் வீதியில், கடைகளின் முகப்பும் தாழ்வாரமும் விழுந்ததில் நசுங்கியவர்கள். அது பாடசாலை விடுமுறைக் காலம். அந்த அதிர்ச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளும் சேதமடைந்தன என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்தப் பதின்மூன்று என்ற எண் எவ்வளவு கூடியிருக்கலாம் என்பது விளங்கும். 35,000க்கு மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. சுமார் 300 கட்டடங்களை இடிக்க வேண்டி வந்தது. மொத்த இழப்பு சுமார் 4 பில்லியன் டொலர் என்று மதிப்பிடப்பட்டது.

இவ்வளவு சேதம் ஏன்? பின்னர் நடந்த ஆய்வுகள் மூன்று காரணங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லின. நகரின் தாழ்ந்த பகுதிகள் ஆற்று வண்டல் படிந்த மென்மையான மண்ணில் இருந்தன. அத்தகைய மண் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். அடுத்தது, பழைய செங்கற் கட்டடங்களுக்குக் கம்பி வலுவூட்டல் இல்லை. மூன்றாவது, இரட்டைச் செங்கற் சுவர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் உலோகக் கட்டுக்கம்பிகள் கடற்காற்றின் உப்பில் துருப்பிடித்துப் போயிருந்தன. சாந்தும் பல இடங்களில் உதிரும் நிலையில் இருந்தது. வெளியே பார்த்தால் உறுதியான சுவர். உள்ளே பிடிமானம் இல்லை.

நாலாவதாக ஒன்றை நாம் சேர்க்கலாம். மேற்கு அவுஸ்திரேலியாவின் மெக்கரிங் என்ற சிற்றூர் 1968 ஒக்டோபரில் பூமியதிர்ச்சியில் தரைமட்டமானது. அதன் பின்னர்தான், 1979இல், பூமியதிர்ச்சிக்கான முதலாவது கட்டடத் தரநிலை இந்த நாட்டில் வந்தது. அந்தத் தரநிலையின் வரைபடத்தில் நியூகாசில் அபாயம் இல்லாத வலயத்தில் இருந்தது. பத்தே ஆண்டுகளில் அந்த ஊரே இடிந்தது. 1993இல் தரநிலை புதிதாக எழுதப்பட்டது. வரைபடத்தில் ஓர் ஊருக்கு என்ன நிறம் தீட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் நம்பி வீடு வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

பெரிய அதிர்ச்சி, சிறிய சேதம்

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1989இல் நியூகாசிலில் 5.6. 2021இல் விக்டோரியாவில் 5.9. வெறும் 0.3 வித்தியாசம்போல் தெரிந்தாலும், இரண்டாவதில் வெளிப்பட்ட சக்தி முதலாவதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் பெரியது ஒரு சுவரைச் சரித்துவிட்டுப் போனது. சிறியது பதின்மூன்று உயிர்களை எடுத்தது. ஒன்று மலைக்காட்டில், நகரத்திலிருந்து 130 கிலோமீற்றருக்கு அப்பால் நடந்தது. மற்றது நகரத்தின் காலடியில் நடந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த 5.9 வூட்ஸ் பொயின்றில் வராமல் டண்டினோங்கின் கீழோ பரமற்றாவின் கீழோ வந்திருந்தால்? அப்படி வரவே முடியாது என்று எந்த அறிவியலாளரும் உத்தரவாதம் தரமாட்டார். அவுஸ்திரேலியா ஒரு புவித்தட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. நியூசிலாந்து, ஜப்பான்போலத் தட்டுகளின் விளிம்பில் இல்லை. ஆனால் அந்தத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் வடகிழக்காக நகர்கிறது. நகரும்போது சேரும் அழுத்தம் பழைய பிளவுகளில் எங்காவது வெடிக்கிறது. அளவு 3க்கு மேற்பட்ட அதிர்வுகள் இந்த நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக நூறு பதிவாகின்றன. மெல்பேர்ணின் தெற்கே பிராங்ஸ்ரன், மோர்னிங்டன் பக்கமாக செல்வின் பிளவு ஓடுகிறது. சிட்னியின் மேற்கே நீலமலை அடிவாரத்தில் லப்ஸ்ரோன் பிளவுத்தொகுதி இருக்கிறது. 2023 மே மாத இரவொன்றில் மெல்பேர்ணின் வடமேற்கில் சன்பரிக்குக் கீழேயே 3.8 அளவில் அதிர்ந்தது. ஆக, நியூகாசில் ஆபத்தான ஊர், சிட்னியும் மெல்பேர்ணும் பத்திரமான ஊர்கள் என்ற பிரிப்பு நாமாகப் போட்டுக்கொண்ட கோடு.

இன்றைய கட்டடத் தரநிலை சாதாரண வீடுகளுக்கு எடுத்துக்கொள்ளும் அளவுகோல், ஓர் ஆண்டில் ஐந்நூறில் ஒரு பங்கு வாய்ப்புள்ள அதிர்வு. முப்பது ஆண்டு வங்கிக் கடனுக்கு அதைக் கணக்கிட்டுப் பார்த்தால் சுமார் 6 சதவீதம் வருகிறது. பயந்து ஓடுவதற்கு இது போதாது. ஆனால் அறவே மறந்துவிடவும் இது சின்ன எண் அல்ல. தரநிலையின் நோக்கம் உள்ளே இருப்பவர்களின் உயிரைக் காப்பதுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். வீடு விரிசல் விடாமல் நிற்கும் என்று அது வாக்குத் தருவதில்லை.

கல்வீட்டின் மீது நமக்குள்ள நம்பிக்கை

இங்கேதான் நமது சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. நாம் கல்வீட்டை மதிக்கும் மண்ணிலிருந்து வந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் முன்னேறியதற்கு அடையாளம் ஓலைவீடு கல்வீடானது. சீதனப் பேச்சிலும் கல்வீட்டுக்குத் தனி மதிப்பு. அந்த மனத்தோடு இங்கே வந்து, மரச்சட்டத்தில் எழும் வீட்டைப் பார்த்ததும், "இதென்ன தீப்பெட்டி வீடு, காத்தடிச்சால் பறந்துவிடும்" என்கிறோம். இரட்டைச் செங்கற் சுவர் உள்ள பழைய வீடு கிடைத்தால், "இதுதான் வீடு" என்று கூடுதல் விலைக்கும் தயாராகிறோம்.

பூமியதிர்ச்சி இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. மரச்சட்டம் வளைந்து கொடுக்கும். அதிர்வை வாங்கிக்கொண்டு நிற்கும். கம்பி இல்லாத செங்கற்சுவர் வளையாது, உடையும். பாரமான ஓட்டுக்கூரை, பழைய செங்கற் புகைபோக்கி, தெருப்பக்கம் உயர்ந்து நிற்கும் முகப்புச் சுவர் ஆகியவைதான் முதலில் விழுபவை. நியூகாசிலில் விழுந்தவை இவைதான். சப்பல் வீதியில் விழுந்ததும் இந்த இனம்தான். இன்று கட்டப்படும் பெரும்பாலான வீடுகளில் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம்; வெளியே தெரியும் செங்கல் ஒரு போர்வை மட்டுமே. அந்தப் போர்வை உதிரலாம். ஆனால் வீடு சரிய வாய்ப்புக் குறைவு.

அதற்காகப் பழைய செங்கல் வீடு வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வாங்குமுன் கட்டடப் பரிசோதகரிடம், "சுவர்க் கட்டுக்கம்பிகளின் நிலை என்ன? புகைபோக்கி உறுதியாக இருக்கிறதா? 1989க்குப் பிறகு என்ன திருத்தம் நடந்தது?" என்று கேட்க வேண்டும். கறையான் இருக்கிறதா என்று கேட்கத் தவறாத நாம் இதைக் கேட்பதில்லை. வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறோம், நல்ல பாடசாலை எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்கிறோம், கோயில் எத்தனை நிமிடம் என்று பார்க்கிறோம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

புதிய கட்டடம் என்றால் பத்திரம் என்ற எண்ணமும் முழுதாகச் சரியல்ல. 2018 நத்தாருக்கு முதல்நாள் சிட்னி ஒலிம்பிக் பார்க்கில் ஓப்பல் ரவர் விரிசல் விட்டது. 2019 ஜூனில் மஸ்கொற் ரவர்ஸ் அடுக்குமாடியிலிருந்து குடியிருப்பாளர்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டார்கள். அங்கே பூமி ஆடவே இல்லை. கட்டடம் தானாகவே வெடித்தது. அதன் பிறகே நியூ சவுத் வேல்ஸ் அரசு கட்டட ஆணையாளரை நியமித்துப் புதிய சட்டம் கொண்டுவந்தது. அடுக்குமாடியில் வீடு வாங்குபவர் கட்டடத்தின் வயதை விட, அதைக் கட்டியவரின் வரலாற்றையும் உரிமையாளர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளையும் பார்ப்பது நல்லது.

கிறைஸ்ட்சேர்ச் சொல்லும் பாடம்

நியூசிலாந்தில் குடியேறி, பின்னர் கடல் கடந்து சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. இங்கிருந்து அங்கே வேலைக்குப் போக யோசிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு 2011 பெப்ரவரி 22 மறக்க முடியாத நாள். அன்று பகல் 12.51க்குக் கிறைஸ்ட்சேர்ச்சில் ஏற்பட்ட அதிர்ச்சியில் 185 பேர் இறந்தார்கள். அதில் 115 பேர் சிரிவி என்ற ஒரே கட்டடத்தில். அங்கே ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் பலர் இருந்தார்கள். அது நூற்றாண்டுப் பழைய கட்டடமல்ல, 1980களில் எழுந்தது. வடிவமைப்பிலேயே குறை இருந்தது, அதற்கு அனுமதி கொடுத்திருக்கவே கூடாது என்று பின்னர் அரச விசாரணை ஆணைக்குழு சொன்னது.

உயிர் தப்பியவர்களுக்கு அடுத்த சோதனை மண்ணிலும் காகிதத்திலும் காத்திருந்தது. ஈரமான மணற்பாங்கான நிலம் அதிர்ந்தபோது குழம்பாகிப் பொங்கியது. மரவீடுகள் நின்றன, ஆனால் அவற்றின் கீழிருந்த தரை நிற்கவில்லை. ஏறக்குறைய 8,000 காணிகளைச் சிவப்பு வலயம் என்று அறிவித்து, 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டின் அடிப்படையில் அரசு வாங்க முன்வந்தது. காப்புறுதி இல்லாதவர்களுக்கு முதலில் சொல்லப்பட்டது காணி மதிப்பில் பாதி மட்டுமே. அவர்கள் நீதிமன்றம் போய் உச்ச நீதிமன்றம் வரை வழக்காட வேண்டியிருந்தது. காப்புறுதி இருந்தவர்களிலும் பலருடைய கோரிக்கைகள் ஆண்டுக்கணக்காக இழுபட்டன.

இத்தனைக்கும் நியூசிலாந்தில் 1945 முதல் இதற்கென்றே ஓர் அரச ஆணைக்குழு இருக்கிறது. தனியார் காப்புறுதியோடு சேர்த்து அறவிடப்படும் தொகையிலிருந்து அது இழப்பின் முதற் பங்கைக் கொடுக்கிறது. அவுஸ்திரேலியாவில் பூமியதிர்ச்சிக்கு அப்படி ஓர் அமைப்பு இல்லை. 2022இல் வந்த அரச மீள்காப்புறுதித் திட்டம் புயலுக்கும் அதோடு வரும் வெள்ளத்துக்கும் மட்டுமே. நமது வீடு அதிர்ந்து விழுந்தால் நமக்குக் கைகொடுக்க வேண்டியது நாம் எடுத்த தனியார் காப்புறுதி ஒன்றுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், இங்குள்ள வழமையான வீட்டுக் காப்புறுதிகளில் பூமியதிர்ச்சி பொதுவாக அடங்கியிருக்கிறது. ஆனால் அதற்கென்று தனியான கழிவுத்தொகை இருக்கலாம். அதைவிட முக்கியம், வீட்டைத் திருப்பிக் கட்ட ஆகும் செலவுக்கு ஏற்ற தொகைக்குக் காப்புறுதி செய்திருக்கிறோமா என்பது. கட்டுமானச் செலவு ஏறிவிட்டது. நம்மில் பலரின் காப்புறுதித் தொகை, வீடு வாங்கிய நாளில் எழுதிய இடத்திலேயே நிற்கிறது.

பத்திரங்களில் இருப்பதும் இல்லாததும்

நியூ சவுத் வேல்ஸில் வீட்டு விற்பனை ஒப்பந்தத்தோடு 10.7 என்ற திட்டமிடற் சான்றிதழ் வர வேண்டும். அந்தக் காணிக்கு வெள்ளம் தொடர்பான கட்டுப்பாடு உண்டா, சுரங்கத் தாழ்வு மாவட்டத்துக்குள் வருகிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். நியூகாசில் நிலக்கரியின் மேல் எழுந்த நகரம். பழைய சுரங்கங்கள் வீதிகளுக்கும் வீடுகளுக்கும் கீழே ஓடுகின்றன. அத்தகைய மாவட்டங்களில் வீடு கட்டவும் விரிவாக்கவும் தனி அனுமதி வேண்டும். நிலம் தாழ்ந்தால் இழப்பீடு பெறச் சட்ட ஏற்பாடும் உண்டு. பூமியதிர்ச்சியைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

ஆனால் வீடு எந்த வகை மண்ணில் நிற்கிறது, அதிர்வை அது பெருக்குமா என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது. விக்டோரியாவின் 32ஆம் பிரிவு அறிக்கையும் சொல்லாது. கட்டடத் தரநிலை மண்ணைக் கடினப் பாறையிலிருந்து மிக மென்மையான மண் வரை ஐந்து வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. பொறியியலாளருக்குத் தெரிந்த அந்தத் தகவல் வாங்குபவருக்குப் போய்ச் சேர வழியில்லை. இது சட்டத்தால் திருத்தக்கூடிய குறை. நமது அமைப்புகள் மாநில உறுப்பினர்களிடம் கேட்கக்கூடிய கோரிக்கையும்கூட.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நியூகாசிலின் பூமியதிர்ச்சிக்குப் பயந்து சிட்னியின் வடமேற்கில் வீடு தேடுகிறவர்கள், ஹோக்ஸ்பரி நேப்பியன் வெள்ளச் சமவெளியின் விளிம்பில் தேடுகிறார்கள். 2021 மார்ச்சிலும், 2022இல் மார்ச், ஜூலை மாதங்களிலும் அந்த ஆறு பெருகியதை நாம் பார்த்தோம். வெள்ளத்தில் மக்களை வெளியேற்ற வீதி போதாது என்ற காரணத்தால், 2023 ஒக்டோபரில் மார்ஸ்டன் பார்க் நோர்த் பகுதியின் குடியிருப்புத் திட்டத்தை மாநில அரசே கைவிட்டது. ஓர் ஆபத்துக்குப் பயந்து, அதைவிட அடிக்கடி வரும் இன்னோர் ஆபத்தின் மடியில் போய் உட்காருவதில் அர்த்தமில்லை.

தெரிவு எல்லோருக்கும் இருக்கிறதா?

இதுவரை சொன்னது வீடு வாங்கக்கூடியவர்களுக்கு. ஆனால் 491 விசாவில் வரும் இளைஞருக்கு சிட்னி, மெல்பேர்ண், பிறிஸ்பேன் மூன்றும் மூடிய கதவுகள். அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே அவர் போக வேண்டும். வாடகைக்கு எது கிடைக்கிறதோ அதில் இருக்க வேண்டும். சுவர்க் கட்டுக்கம்பி பற்றிக் கேட்கும் உரிமை வாடகைக்காரருக்கு நடைமுறையில் இல்லை. பழைய கடைத்தெருவின் மேல்மாடியில் நாலு பேராகத் தங்கும் மாணவர்கள்தான் விழக்கூடிய முகப்புச் சுவருக்கு மிக அருகில் இருப்பவர்கள். பூமியதிர்ச்சியிலும் வருமானம் பேசும்.

இதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இலங்கை அரசு கடற்கரையோரம் தெற்கில் 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் வரை வீடு கட்டக் கூடாது என்றது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் மீனவக் குடும்பங்கள் கடலை விட்டு நெடுநாள் தள்ளி நிற்கவில்லை. அறியாமையால் அவர்கள் திரும்பிப் போகவில்லை. வள்ளமும் வலையும் வயிறும் கடலோடு இருந்ததால் போனார்கள். மனிதர் குடியேறும் இடத்தைப் பெரும்பாலும் பிழைப்புத்தான் தீர்மானிக்கிறது. ஆபத்து இல்லாத இடம் தேடிப் போகும் வசதி சிலருக்கே உண்டு. மற்றவர்களுக்குத் தேவை, போகும் இடத்தில் ஆபத்தைக் குறைக்கும் அறிவும் சட்டமும்.

ஆகவே, நியூகாசிலுக்குப் போகலாமா என்று கேட்டால் நமது பதில், போகலாம். 1989ஐக் காரணம் காட்டி அந்த ஊரை ஒதுக்க வேண்டியதில்லை. அடிபட்ட ஊர் என்பதால் அங்கே எந்தச் சுவர் விழும் என்ற அறிவு மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் கையெழுத்து வைக்குமுன் சுவரைப் பற்றிப் பரிசோதகரிடம் கேளுங்கள். வெள்ளத்தையும் சுரங்கத்தையும் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். திருப்பிக் கட்டும் தொகையையும் கழிவுத்தொகையையும் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாங்குபவர்கள் கேட்க வேண்டியவையும் இவைதான். ஏற்கெனவே வீடு வாங்கி இருப்பவர்கள் இந்த வார இறுதியில் வெளியே வந்து தங்கள் புகைபோக்கியை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நமக்குச் சொல்லி வளர்த்தார்கள். அந்த வளைக்கு மேலே என்ன நிற்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவது இனி நமது பொறுப்பு.